கோடிங் கேம்ப்புக்குத் தட்டு வைத்துக் கொடுத்தேன்

என் எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டது தவிர நான் பேனா பிடித்ததில்லை. எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் குழம்பிப் போகிறது. மகளிர் குழுவுக்கு வரும் டீச்சரம்மா, "வாயால சொல்ல வெக்கமா இருந்தா எழுதிக் குடுங்கம்மா, மத்த தாய்மாருங்க படிக்கட்டும்" என்றார்கள். வெட்கம் என்பது உண்மைதான். நாலு பேர் நடுவில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் மகளின் பழைய நோட்டில் மீந்த பக்கங்களில் எழுதுகிறேன்.

என் மகள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்துப் பிறந்தவள். பிரசவ வார்டில் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டு வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "பெத்த பொண்ணு எங்கம்மா, பாத்ரூம் போயிருக்குதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கோயில் வரிசையில் எல்லாரும் என்னை அவளுக்கு ஆயா என்றுதான் நினைப்பார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். அப்படித் தள்ளி நிற்கிற பழக்கம்தான் பிறகு எனக்கு வினையாக வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வீட்டோடு ஒரு தறி. வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு பக்கத்துக் கரைக்குத் தனியாகக் குறுக்கு நூல் வைத்த ஒரு நாடா ஓட வேண்டும். அதைத் தள்ளித் தர நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். கோர்வை என்பார்கள். எங்கள் தறியில் அந்த இன்னொரு ஆள் நான். பத்து வயதில், ஐந்தாம் வகுப்பு முடிந்த மறு வாரம், வேறொருவர் தறியில் என்னை அப்படி உட்கார வைத்தார்கள். இப்போது அறுபதை நெருங்குகிறேன், இன்னும் எழுந்த பாடில்லை. மகளின் கை தறியில் படக் கூடாது என்ற ஒன்றைத்தான் நானும் அவரும் சண்டை போடாமல் முடிவு செய்தோம்.

போன வருஷம் கோடை லீவு ஆரம்பித்த சமயம். எட்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் ஒரு நோட்டீசை நீட்டினாள். பளபளப்பான காகிதம். அதில் ஒரு குழந்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தது. செவிலிமேட்டில் ஒரு புது வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கோடிங் கேம்ப் என்று போட்டிருந்தார்கள். "உங்கள் குழந்தை பின்தங்கலாமா?" என்று கீழே பெரிய எழுத்தில் கேட்டிருந்தது. பின்தங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே, "இன்னாமா அது, கோடிங்கு?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு வேலை சொல்றதுபா. நம்ம சொன்னா அது கேக்கும்."

"முப்பத்தஞ்சு நாப்பது வருஷமா நான் சொல்லிக்கினு இருக்கறேன், உங்கம்மாவே கேக்கல. கம்ப்யூட்டர் கேக்குமா?"

"நீ சத்தம் போட்டுச் சொல்ற. அதுக்கு ஒழுங்கா எழுதிக் குடுக்கணும்பா."

அவர் சிரித்தார். சரி என்று அர்த்தம்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பிறத்தியார் தறியில் உட்கார வைக்கிற நாளில் பெற்றவர்கள் ஒரு தட்டு வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். தறிக்காரர் தட்டை வாங்கிக்கொள்வார், பிள்ளை அவர் காலில் விழும். அன்றிலிருந்து அது அவருடைய தறிப் பிள்ளை. திட்டினாலும் கேட்கக் கூடாது. பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீள இழை, பாதியில் இருக்கும்போது பிள்ளையை எழுப்பிக்கொண்டு போகவே கூடாது. காய்ச்சலானாலும் பாவு முடிந்து புடவையை அறுத்த பிறகுதான். எனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட என் அம்மா வேப்பிலையைச் செருகி அனுப்பினாள். கற்றுக்கொடுக்கிற இடத்துக்குப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் கேம்ப்பின் முதல் நாள் நான் தட்டோடு போனேன்.

மாடியில் ஒரு கூடம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சாருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுடிதார் போட்ட தாய்மார்கள், பேண்ட் போட்ட அப்பாமார்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து சார், "ஆயா, பேரண்ட்ஸ் வரலியா?" என்றார்.

"இவங்கதான் எங்க அம்மா" என்று மகள் சொன்னாள். அவள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

நான் தட்டை நீட்டினேன். ஒரு பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பின் வரிசையில் இருந்த பாய் வீட்டு அம்மா ஒருத்தி, "இன்னா அக்கா, பொண்ணு குடுக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு, நான் கூசிப் போனதைப் பார்த்து, "சும்மா தமாசுக்குக்கா, கோச்சிக்காத" என்றாள். அவளுடைய மகளும் என் மகள் வகுப்புதான். வீட்டுக்காரர் கடைத்தெருவில் பை தைத்து விற்கிறவர். பிறகு எனக்கு அந்த இடத்தில் பேச்சுத் துணையாக இருந்தது அந்தப் பாயம்மா ஒருத்திதான்.

சார் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் மேல் வைத்தார். மகளை அவர் காலில் விழச் சொன்னேன். அவள் காது மடல் சிவந்து போயிற்று. ஆனாலும் விழுந்தாள்.

லீவு முடிகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. திரையில் ஒரு பூனை பொம்மையை நடக்கவைத்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள்.

"அம்மா, பத்து அடி நடன்னா பத்து அடி நடக்குது. செவுத்துல முட்டினா திரும்பிக்கன்னு இன்னிக்கு எழுதிட்டேன்."

"முட்டினா அதுக்கு வலிக்காதா?"

"ஐயோ, பொம்மைமா அது!"

அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே இடது கையால் காற்றில் எதையோ நகர்த்திக் காட்டுவாள். வீட்டுக்காரர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடம் திறந்தது. கேம்ப் முடிந்தது என்று நினைத்தோம். சார் பதினேழு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, இவர்களுக்கு அட்வான்ஸ் பேட்ச், சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை, ஞாயிற்றுக்கிழமை முழு நாள், கட்டணம் கிடையாது என்றார். நல்லவர், திறமையைப் பார்த்து இலவசமாகச் சொல்லித்தருகிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். என் மகள் பேர் அதில் இரண்டாவதாக இருந்தது. அன்று நான் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்.

தினமும் டவுன் பஸ்ஸில் போய் அவளைக் கூட்டி வருவேன். மேலே போக மாட்டேன். மாடிப்படிக்குக் கீழே பாயம்மாவும் நானும் நின்றுகொண்டிருப்போம்.

ஒரு வாரம் போயிருக்கும். பஸ்ஸில் மகள் சொன்னாள்: "பூனை எல்லாம் போச்சும்மா. இப்ப ரோடு படம்தான் வருது. வண்டிக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு கட்டம், மாட்டுக்கு ஒரு கட்டம் போடணும். போட்டுட்டா அடுத்த படம்."

"எதுக்காம்?"

"டிரைவர் இல்லாம ஓடற காருக்கு எது ஆளு, எது மாடுன்னு தெரியணுமாம். நாங்க போடற கட்டத்தைப் பார்த்து அது கத்துக்குமாம்."

"நல்ல காரியம்தானே?"

"அது கத்துக்குதும்மா. நாங்க இன்னா கத்துக்கறோம்?"

அந்தக் கேள்விக்கு அன்றே நான் காது கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ரெண்டு வருஷம் நாடா மட்டும்தான் தள்ளினேன். யாரும் ஒண்ணும் சொல்லித் தரல. கை பழகப் பழகத் தானா வந்துச்சு. உக்காந்த எடத்துல பொறுமையா உக்காரு" என்றேன். தொழில் என்றால் முதலில் அடுத்தவருக்குச் சும்மா உழைக்கத்தான் வேண்டும், கற்பது அதற்குள்ளேயே வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம். வேறு மாதிரி ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தறியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தறியில் எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.

சாரும் ஒரு நாள் கீழே இறங்கி வந்து, "உங்க பொண்ணுதான் டாப் ஸ்பீடு. டெய்லி எரநூறு படம் டார்கெட்டு, அது எரநூத்தி அம்பது முடிக்குது" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாயம்மா மட்டும் மெதுவாக, "படிப்புக்கு டார்கெட்டா? எங்க வூட்டுக்காரரு பை தைக்கறதுக்குத்தான் டார்கெட்டு வெப்பாரு" என்றாள்.

மழைக்காலம் பிறந்தது. அப்போதுதான் படங்கள் மாறியிருக்க வேண்டும். எனக்கு நாள் சரியாகத் தெரியவில்லை. நான் தறியில் அறுந்த இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, கீழ வுழுந்துட்டு உயிரோட இருக்கறவங்களுக்குப் பச்சைக் கட்டம். இல்லாதவங்களுக்குச் சிவப்பு. ஆனா படம் அசையாதும்மா. எப்படித் தெரிஞ்சுக்கறது?"

என் கண் இழையில் இருந்தது. அவள் சொன்ன வார்த்தை எல்லாம் காதில் விழுந்தது, அர்த்தம்தான் உள்ளே போகவில்லை. "சார் இன்னா சொன்னாரு?" என்றேன்.

"பார்த்தா தெரியும், போடுன்னாரு."

"அப்ப போடு" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் மீன் குழம்பைத் தொடவில்லை. பீட்ரூட் பொரியலைத் தட்டோடு தள்ளிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்துக்கு ரோட்டைத் தாண்டிப் போகிறவள், பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். வயதுக்கு வரப்போகிற பெண், அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீட்டுக்காரர் மட்டும், "புள்ள தூக்கத்துல கைய ஆட்டிக்கினே இருக்குதுடி. இன்னாவோ கட்டம் கட்டமா வரையுது" என்றார். "கனவுலகூட படிக்குதுங்க" என்றேன் நான்.

ஒரு சாயங்காலம் பெரிய மழை. பாயம்மா அன்று வரவில்லை. அவளுடைய மகளையும் சேர்த்துக் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். படிக்குக் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. நிற்க இடமில்லாமல் நான் முதல் முறையாக, அந்தத் தட்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக, மேலே ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது.

பதினேழு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. டிக் டிக் என்று பொத்தான் அமுக்குகிற சத்தம் மட்டும். என் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கையைத்தான் முதலில் பார்த்தேன். எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம். ஒரு மூலையில் தொட்டு எதிர் மூலைக்கு இழுத்து விட்டால் கட்டம் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நூல் அளவு கூட வெளியே போகவில்லை. எனக்கு முதலில் வந்தது பெருமை. அதை நான் மறைக்கப் போவதில்லை. என் கை அவளுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகுதான் கட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தேன். ஒரு லாரிச் சக்கரம். பக்கத்தில் ஒரு பெண் கிடந்தாள். புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அதை இழுத்துவிட யாரும் இல்லை. மேலே எழுத என்னால் முடியாது. என் மகள் அந்தப் பெண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம் போட்டாள். படம் போயிற்று. அடுத்தது வந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சார் எழுந்து வந்தார். "ஆயா, கீழ இருங்க. கிளாஸ் நடக்குது."

"இது... இன்னா பாடம் சார்?" என்றேன்.

"அட்வான்ஸ் லெவல்மா இது. ப்ராஜெக்ட். உங்களுக்குச் சொன்னா புரியாது."

"எப்ப முடியும்?"

"பாதியில இருக்குது. இன்னும் பத்துப் பன்னெண்டு நாள். இதுக்கு நடுவுல யாரும் நின்னுடக் கூடாது."

பாதியில் இருக்கிறது என்று அவர் சொன்ன உடனே என் வாய் அடைத்துப் போயிற்று. பாதிப் பாவில் பிள்ளையை எடுக்கக் கூடாது. தட்டு வைத்துக் கொடுத்தவள் நான். அவரைத் தப்பு சொல்லவில்லை, அவருக்கு எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. அவர் சும்மாதான் சொன்னார். என் கையைக் கட்டிப்போட்டது நான்தான். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூப்பிடுவேன் என்று பார்த்தாள். இரண்டு மூன்று விநாடி இருக்கும். நான் கீழே இறங்கிப் போய்த் தண்ணீரில் நின்றேன். ஏழு மணிக்கு அவள் பாயம்மா மகளோடு இறங்கி வந்தாள். இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பாயம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அல்லாவே, எம்பொண்ணும் அதத்தான் பாக்குதா?" என்று அந்த இடத்திலேயே மேலே ஏறினாள். அவள் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. மகளின் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தாள். "உம்பொண்ணையும் கூப்டுக்கா. இன்னா பாத்துக்கினு நிக்கற?"

"பாதியில இருக்குதும்மா. தட்டு வெச்சுக் குடுத்துட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெத்தல பாக்கு வெச்சா புள்ளைய எழுதிக் குடுத்ததா அர்த்தமா? உனக்கு இன்னா பைத்தியமா? இது படிப்பு இல்லக்கா, யாரோட வேலையோ. சின்னதுங்களப் புடிச்சு வெச்சு வேலை வாங்கறான்."

"உங்களுக்கு அந்தக் கட்டு இல்ல" என்றேன்.

"கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குப் பேச பயம்" என்றாள்.

அவள் சொன்னது சரி. வழக்கம் பாதி, பயம் பாதி. பயத்துக்கு வழக்கம் நல்ல போர்வையாக இருந்தது. அதற்குப் பிறகு பதினொரு நாள் நான் மகளை அனுப்பினேன். அவளும் போனாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அன்று மாடியில் அவள் திரும்பிப் பார்த்ததே மறுப்புதான். அதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன செய்யும்?

பதினோராவது நாள் செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். பாலத்துப் பக்கமிருந்து காய்கறி மூட்டை வைத்த ஒரு டி.வி.எஸ். வண்டி வந்தது. குறுக்கே ஒரு நாய் ஓடியது. வண்டி சாய்ந்து, ஓட்டிவந்த பெரியவர் மூட்டையோடு விழுந்தார். ஆட்கள் ஓடினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, "ரோடு வரி நீ கட்டறியா, நான் கட்டறனா?" என்று நாயைப் பார்த்துத் திட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் உருண்டு போன கத்தரிக்காயைப் பொறுக்கிக் கொடுத்தார்.

என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவாடை நனைந்திருந்தது, அது மழைத் தண்ணீர் இல்லை. வலது கை காற்றில் இழுத்துக்கொண்டே இருந்தது.

"கண்ணு, பாரு, எந்திரிச்சிட்டாரு. நாயைத் திட்டிக்கினு நிக்கறாரு பாரு."

"நான் சிவப்பு போட்டுட்டேன்மா" என்றாள். "பச்சைன்னு தெரியல. நான் சிவப்பு போட்டுட்டேன்."

அவளை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "பேத்திக்கு வலிப்பா?" என்று கேட்டார்கள். "என் பொண்ணு" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பஸ் போய்விட்டன. கடைசியில் அந்தப் பெரியவரே ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அவர் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "கொயந்த பயந்துக்கிச்சு, பாவம்" என்றார். மகள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் நான் மட்டும் மேலே போனேன். "என் பொண்ணு இனிமே வராது சார்" என்றேன்.

"மேடம், இந்த ஆக்சிடென்ட் படம் மொத்த லாட்டும் நாளையோட முடியுது. ஒரு நாள்தான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் வேற லாட் வரும்."

தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை முறுக்கி ஒட்டுவோம். தறி காலியாக இருப்பதே கிடையாது. இத்தனை வருஷம் அதிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு, எப்போது முடியும் என்று இன்னொருவரிடம் கேட்கத் தோன்றியதே என்று நினைத்துக்கொண்டேன்.

"தட்டு வெச்சு உட்டவ நான்தான். நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

"எந்தத் தட்டு?" என்றார் சார். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

நான் திரும்பும்போது அவர் பின்னாலேயே வந்தார். குரல் தழைந்திருந்தது. "எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு மேடம். படம் அவரு அனுப்பறாரு. புள்ளைங்க போடறது அத்தனையும் செக் பண்றது நான்தான். எனக்கு மட்டும் இன்னா, நல்லா இருக்குதா?" அவர் கண் சிவந்திருந்தது. அந்த முகத்தில் ஒரு சின்னப் பிள்ளை தெரிந்தது. ஆனாலும் உள்ளே பொத்தான் சத்தம் நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. என் பிள்ளையின் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு நாள் தறியில் உட்காரவில்லை. மூன்றாம் நாள், "பெத்தவ நீ மேல ஏறிப் பார்த்தும் உட்டுட்டு வந்தியா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்க்கிறார்கள். நாளாகும் என்கிறார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு வந்தால் மகள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறாள். ரோட்டைத் தனியாகத் தாண்டுவதில்லை. போன மாதம் பெருமாள் புறப்பாடு எங்கள் தெருவுக்கு வந்தது. வாசலுக்கு அழைத்து வந்தேன். பல்லக்கு நின்றதும் ஆண்கள் வரிசையாகத் தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தார்கள். அவள் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. ஒவ்வொருத்தராக எழுந்திருக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கிழவர் எழ நேரமாயிற்று. அவர் எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டாள். பெருமாளை அவள் பார்க்கவே இல்லை.

மற்றத் தாய்மார்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் ஒன்றரை மாதம் அவள் முகத்தில் இருந்ததை நான் பார்த்தவள். பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போய் அதன் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். பார்த்த பிறகு இறங்கி வந்துவிடாதீர்கள்.

டீச்சரம்மா, நான் எழுதியதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். பதினொரு நாள் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதுதான் என்கிறாள் பாயம்மா. பச்சை எதற்கு, சிவப்பு எதற்கு என்பதை மாற்றி எழுதிவிட்டேனோ என்றும் சந்தேகம். மகளைக் கேட்க எனக்குத் துணிவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு படம். அவள் எத்தனை பார்த்தாள், அவற்றில் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போது உள்ளே பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மாடியில் இப்போதும் வகுப்பு நடக்கிறதாம். மேலே ஏறிப் போய்ப் பேசக் கூடியவர்கள் யாராவது போய், இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு என்ன படம் வருகிறது என்று பார்த்துவிட்டு, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.